சீர்த் தட்டில் வந்த கறுப்பு ஷாஃப்ட்

பாப்பா,

இந்நேரம் பூல் ஸ்டிக் கேஸைத் திறந்திருப்பாய். உள்ளே அடிப்பாதியில் திருகி மாட்டுகிற ஷாஃப்ட் ஒன்றுதான் இருக்கும். கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடாதே. அப்பாவையும் எழுப்பிக் கேட்காதே, அவருக்கு ஒன்றும் தெரியாது. மாமா சீரில் வைத்த கறுப்பு ஷாஃப்ட் சிம்மக்கல்லில் அவர் பூண்டுக் கடைக் கல்லா மேல் கிடக்கிறது. நான்தான் கொண்டுபோய் வைத்தேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், அதனால்தான் கேட்கவில்லை. கத்த வேண்டும் என்றால் தாராளமாகக் கத்து. ஆனால் இதைக் கடைசி வரை படித்துவிட்டுக் கத்து.

நேரில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நாம் இரண்டு பேரும் நேரில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் சண்டை வந்துவிடுகிறது. அதுவும் இந்த ஒரு வாரமாக வீட்டில் கல்யாண வேலை, மண்டபத்துக்காரன், சமையல்காரன், வெற்றிலைக்காரன் என்று ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். நீ முகூர்த்தப் புடவைக்கு ரவிக்கை அளவு கொடுக்கப் போயிருக்கிறாய். பல்கலைக்கழகத்தில் பரீட்சை நடப்பதால் கடையில் பையன்கள் யாரும் இல்லை. நாலு மேசையும் சும்மா கிடக்கின்றன. அதில் ஒன்றின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக்கு இந்தக் கதைக்கு ஆளுக்கு ஒரு கையும் காலும் ஒட்டவைப்பார்கள். தங்கச்சிக்காரி அண்ணன் சீரை மூஞ்சியில் எறிந்தாள் என்பார்கள். அதனால் வேறு யார் கையில் இது கிடைத்தாலும் புரியட்டும் என்று, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த இடம் வந்தால் அலுத்துக்கொள்ளாமல் படி.

நாகமலை புதுக்கோட்டையில் ஜெராக்ஸ் கடை மாடியில் பூல் மேசை போட்டு நடத்துகிற குடும்பம் நம்முடையது. ஆரம்பித்தது உன் அப்பா. நடத்துகிறது யார் என்று ஊருக்கே தெரியும். கீழக்குயில்குடியில் வயலும் வரப்புமாக இருந்த வீட்டில் பிறந்தவளுக்கு இதில் என்ன தெரியும் என்று முதலில் வந்த பையன்கள் சிரித்தார்கள். ஸ்டிக்கின் நுனியில் ஒட்டிய தோல் டிப்பைத் தட்டித் தட்டிப் பிய்த்துப் போடுவதும் அவர்கள்தான், அதை ஒட்டித் தரச் சொல்லி என்னிடம் வந்து நிற்பதும் அவர்கள்தான். ஒட்டி, தேய்த்து, மேசை மேல் உருட்டி வளைவு பார்த்து எனக்குக் கை பழகியது. எந்த ஸ்டிக் வெயிலில் கிடந்தது, எதை ஈரத்தில் சாய்த்து வைத்தார்கள் என்பது உருட்டும்போதே தெரிந்துவிடும். அடுக்கிய பந்துகளை வேகமாக உடைக்கிற பையனுக்குக் கனமானது, கை நடுங்குகிறவனுக்கும் கொஞ்சம் கனமானதுதான், மணிக்கட்டை வைத்து விளையாடுகிறவனுக்கு லேசானது. ஆள் உள்ளே வருகிற நடையைப் பார்த்தே ஸ்டிக்கை எடுத்துக் கொடுத்துவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நாளைக்கு இறுதியாட்டத்தில் நீ எதை எடுக்க வேண்டும் என்று சொல்வதற்கு எனக்கு அருகதை இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

உன் மேப்பிள் ஷாஃப்டை நான்தான் பொறுக்கி எடுத்தேன். ஒரு கட்டு வந்ததில் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மர ரேகை அடியில் இருந்து நுனி வரை ஒரே நேராக ஓடியது அது ஒன்றுதான். அடிப்பாதியோடு சேர்த்துத் திருகிக் கையில் கொடுத்ததும் அம்மா இது எனக்கு என்றாய். அன்றில் இருந்து அதில்தான் விளையாடுகிறாய். வேர்வையில் பிசுபிசுக்கிறது என்று திட்டுவாய். நான் துணியைத் தண்ணீரில் நனைத்து, ஒட்டப் பிழிந்து, ஒரு தடவை துடைத்து, உடனே காய்ந்த துணியால் தேய்த்துத் தருவேன். நம் ஊர் வெக்கைக்கு மரம் அடிக்கடி இப்படி ஏதாவது கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

இப்போது மாமா கதைக்கு வருகிறேன். நிச்சயதார்த்தத்தன்று அவர் கொட்டுமேளத்தோடு மண்டபத்து வாசலில் இறங்கினார். பெண்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். பழம், பூ, பட்டு, வெள்ளிக் குத்துவிளக்கு எல்லாம் வந்த பிறகு கடைசித் தட்டை அவரே தூக்கி வந்தார். வெற்றிலையைப் பரப்பி, அதன் மேல் பட்டுத்துணி விரித்து, நடுவில் கறுப்பாக ஒரு கம்பு. இரண்டு இடத்தில் சந்தனப் பொட்டு, மேலே குங்குமம், சுற்றிலும் மல்லிகைப் பூ. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது என்ன என்றே தெரியவில்லை. உன் மாமியார் என்னிடம் மெதுவாக, "இது வாசிக்கிறதா?" என்று கேட்டார். மாமா உன் கையில் தட்டைக் கொடுத்துவிட்டு மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி, "கார்பனு. வெளிநாட்டுச் சரக்கு. எம் மருமக இனிமே இதுலதான் ஆடுவா" என்றார். எல்லாரும் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். நம்முடைய அடிப்பாதிக்கு எந்தத் திருகு பொருந்தும் என்று அப்பாவிடம் ரகசியமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்கியிருக்கிறார் மனுஷன். நான் சந்தனத்தைப் பார்த்துப் பதறி, பிறகு கார்பன்தானே, ஒன்றும் ஆகாது என்று மூச்சு விட்டேன். மரமாக இருந்திருந்தால் ஈரத்தைக் குடித்து அந்த இடமே சொரசொரப்பாகியிருக்கும்.

அவர் அந்தத் தட்டைத் தூக்கி வந்ததற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அது உனக்கு முழுசாகத் தெரியாது. உனக்குக் காது குத்தியபோது வயலில் விளைச்சல் இல்லை. மாமா அப்போது சிம்மக்கல்லுக்கு வியாபாரத்துக்கு வரவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். உட்காரவைத்தார். தட்டில் வைத்த தோடு ரொம்பச் சின்னது. அப்பா வழிச் சொந்தத்தில் ஒருத்தி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கு இம்புட்டுப் பெரிய தட்டு எதுக்கு?" என்று சிரித்தாள். கூட நாலு பேர் சிரித்தார்கள். மாமா சாப்பிடாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு நம் வீட்டு விசேஷம் எதற்கும் அவர் கொண்டுவந்த தட்டில் குறை சொல்ல யாருக்கும் வாய் வந்ததில்லை. எங்கள் அப்பா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அவர் ஒருத்தர்தான். இதை எல்லாம் எழுதுவது, அவர் கெட்டவர் இல்லை என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. இன்றைக்கு அவர் சொன்ன வார்த்தையைப் படித்துவிட்டு நீ அவரை வெறுத்துவிடக் கூடாது.

அந்தக் கார்பன் ஷாஃப்டும் கெட்டதில்லை. சொல்லப்போனால் நம் ஊருக்கு அதுதான் தோது. வெயிலில் கிடந்தாலும் வளையாது, ஈரம் குடிக்காது, வேர்வைக் கையில் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் அதில் நீ விளையாட ஆரம்பித்த அன்றே உனக்குக் குறி தப்புவதைப் பார்த்தேன். நடுவில் குத்தினால் வெள்ளைப் பந்து எந்த ஸ்டிக்கிலும் நேராகத்தான் போகும். பக்கவாட்டில் குத்தி சைடு கொடுக்கும்போதுதான் வினையே. வலது பக்கம் குத்தினால் பந்து சுழல்வதோடு கொஞ்சம் இடது பக்கமாக விலகியும் போகும். எவ்வளவு விலகும் என்பது ஷாஃப்டின் நுனியில் எவ்வளவு கனம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நுனி கனமாக இருந்தால் பந்தை நன்றாகத் தள்ளிவிடும். நுனி லேசாக இருந்தால் அதுவே கொஞ்சம் ஒதுங்கி வழிவிடும். உன் மேப்பிளுக்கு நுனி வரைக்கும் மரம், நுனி வரைக்கும் கனம். அதனால் வலது சைடு கொடுக்கும்போது நீ குறியை மயிரிழை வலது பக்கம் தள்ளி வைப்பாய். யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை, நீயாகப் பழகியது. நீ யோசிப்பதற்கு முன்னால் உன் தோள் அதைச் செய்துவிடும். கார்பனில் விலகலே கொஞ்சம்தான். ஆனால் உன் தோள் பழைய கணக்கில்தான் தள்ளி வைக்கிறது. பந்து பாக்கெட்டின் வாயில் இடித்துக்கொண்டு நிற்கிறது. ஸ்டிக் சரியாகப் போகிறது, நீயும் சரியாகத்தான் விளையாடுகிறாய், இரண்டும் சேர்ந்தால் தப்பாகிறது.

இது சில மாதத்தில் பழகிவிடும். உனக்கு இருந்தது சில வாரம். அதில் பாதி நாள் நகைக்கடையிலும் ஜவுளிக்கடையிலும் போனது. மாநில அணித் தேர்வு ஆரம்பித்ததும் நீ ஒரு காரியம் செய்தாய். சைடு கொடுப்பதையே விட்டுவிட்டாய். எல்லாவற்றையும் நடுவில் குத்தி, நேராக எடுத்து, முடியாத இடத்தில் வெள்ளைப் பந்தை எதிராளிக்கு எட்டாமல் ஒளித்துவைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு ஆட்டமாகத் தப்பித்தாய். மாமா முதல் வரிசையில் கடை ஆட்களோடு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு பந்து விழும்போதும் கறுப்புக் கம்பைக் காட்டி, "பாத்தியா, பாத்தியா" என்றார். அரையிறுதியில் எதிராளி கடைசிப் பந்தைக் கோட்டை விட்டாளே, அவள் விடாமல் இருந்திருந்தால் நீ அன்றே வீட்டுக்கு வந்திருப்பாய். நாளைக்கு வருகிற கோயம்புத்தூர்ப் பெண் விட மாட்டாள். அவள் அந்த ஆட்டம் முழுக்கச் சுவரில் சாய்ந்து நின்று உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ சைடு கொடுப்பதில்லை என்று கண்டுபிடிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நாளை முழுக்க வெள்ளைப் பந்தைக் கொண்டுபோய் உன்னால் நேராக எடுக்க முடியாத இடத்தில்தான் வைப்பாள். அணியில் இருப்பது ஒரே ஒரு இடம்.

அன்றைக்கு ஸ்கூட்டரில் திரும்பும்போது கேட்டேன், ஞாபகம் இருக்கும்.

"ஏன்டி சைடே குடுக்க மாட்டேங்குற?"

"குடுத்தா தப்புதும்மா."

"அப்பறம் எதுக்கு அதைய வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுற? பழசை மாட்டு."

"மாமா மொத வரிசையில உக்காந்துருக்காரும்மா."

"உக்காந்துட்டுப் போறாரு."

சமணர் மலைப் பக்கம் திரும்புகிற இடத்தில், காற்றில் பாதி கேட்டும் கேட்காமலும் சொன்னாய்: "நான் கல்யாணமாகி பூனா போயிருவேன். நீதான இங்கன இருக்கணும். ஒனக்கு அவரு ஒருத்தருதான இருக்காரு."

எனக்குக் கண் மறைத்தது. வண்டியை ஓரம் கட்டி டயரில் காற்று குறைகிற மாதிரி இருக்கிறது என்று இறங்கிப் பார்த்தேனே, காற்றெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சின்ன வயதில் இருந்து இந்த மேசையைச் சுற்றி வளர்ந்த பிள்ளை, வேறு எதையும் கேட்காத பிள்ளை, அணியில் ஒரு இடம் கிடைக்கும் என்று இத்தனை வருஷம் உழைத்தது, கடைசியில் என் அண்ணன் முகம் வாடக் கூடாது என்பதற்காகத் தோற்கத் தயாராக இருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. உன் மேல்தான் கோபம். எனக்காக நீ எதையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நான் எப்போதடி கேட்டேன்?

இன்று மத்தியானம் நீ கிளம்பியதும் கேஸை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். மாமா கடையில் பூண்டு மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. தேனிப் பக்கத்து வியாபாரிகள் இரண்டு பேர் சரக்கின் மாதிரியைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாமா என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாத்தா. என்ன இம்புட்டுத் தூரம்? போனப் போட்டா நானே வந்துருப்பேன்ல."

"ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்ணே. கோவப்படக் கூடாது."

"அப்ப கோவப்படுற மாதிரி என்னமோ கொண்டாந்திருக்க."

சொன்னேன். பாப்பா நாளைக்குப் பழைய ஷாஃப்டில் விளையாடட்டும், நீ சீரில் வைத்ததில் அவளுக்கு இன்னும் கை பழகவில்லை, நுனிக் கனம் வேறு என்றேன். அவர், "கனமா? கொண்டா" என்று இரண்டு ஷாஃப்டையும் வாங்கி, மாதிரிப் பூண்டு நிறுக்கிற மேசைத் தராசில் ஒன்றன் பின் ஒன்றாக வைத்தார். இரண்டுக்கும் நடுவில் ஆறு கிராம்தான் வித்தியாசம்.

"ஆறு கிராமு" என்றார். "ரெண்டு பல்லு பூண்டு. இதுக்கா எம் மருமகளுக்குக் குறி தப்புது?"

"எம்புட்டுன்றது இல்லண்ணே, எங்கனன்றதுதான். மரத்துல மொனை வரைக்கும் கனம் இருக்கு. இதுல மொனையில இல்ல."

"தராசுக்குத் தெரியாத கனம் என்னத்தா கனம்?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடை திறந்த நாளில் இருந்து தராசை நம்பிப் பிழைக்கிறவர். நான் அடிப்பாதியைத் திருகி, ஸ்டிக்கை ஒற்றை விரலில் கிடையாக நிறுத்திக் காட்டினேன். மேப்பிள் மாட்டினால் எங்கே நிற்கிறது, கார்பன் மாட்டினால் எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டேன். கார்பனில் கோடு அரை விரல் அகலம் பின்னால் போயிருந்தது. எனக்கு அது போதும். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வியாபாரி ஒருத்தர், "என்ன மொதலாளி, தங்கச்சி வித்தையெல்லாம் காட்டுது" என்று சிரித்தார். கூட இருந்தவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு வந்திருக்கக் கூடாது பாப்பா. மாமா முகம் அப்படியே இறுகிப் போனது. காதுகுத்து வீட்டில் பார்த்த அதே முகம். அதுவரை பேசி இறக்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்கு மேல் முடியாது என்று தெரிந்துவிட்டது.

"ஊரே பாத்துச்சு" என்றார். சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "போன்ல படம் புடிச்சுச்சு. தட்டுல வச்சுக் குடுத்ததத் திருப்பித் தூக்கிக்கிட்டு வந்திருக்க. அழுகல்னு திருப்பி விடுறதுக்கு நான் என்ன பூண்டா குடுத்தேன்?"

"இது நல்ல சாமாண்ணே. ஆறு மாசம் போனா அவளே இதுலதான் ஆடுவா. நாளைக்கு மட்டும் வேணாம்."

"நாளைக்குத்தான நான் பாக்க வாரேன்."

அண்ணே, நீ சந்தோஷப்படுவதா, பாப்பா ஜெயிப்பதா, எது வேண்டும் என்று கேட்க வாய் வரை வந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் முன்னால் என் அண்ணனிடம் அப்படிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. கேஸில் இரண்டையும் வைத்து மூடிக்கொண்டு வந்திருக்கலாம். வந்திருந்தால் காலையில் நீ கறுப்பைத்தான் மாட்டியிருப்பாய், எனக்கு உன்னைத் தெரியும். அதனால் அதைத் துணியில் சுற்றிக் கல்லா மேல் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். "இத இங்கன வச்சுட்டுப் போனேன்னா, புதன்கெழம மேடையில என்னையத் தேடாத."

புதன்கிழமை முகூர்த்தம். உனக்கு மாலை போட்டு மணவறைக்குக் கூட்டி வர வேண்டியது அவர். அந்த இடத்தில் அவர் இல்லை என்றால் வந்தவர்கள் எல்லாரும் யார் முகத்தைப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? உன் மாமியார் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அந்த ஒரு நொடியில் கையை நீட்டித் திரும்ப எடுத்துவிடலாம் என்று நினைத்தேன், பொய் சொல்லவில்லை. உன் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஆட்டம் என்ன பெரிது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் சொல்வது என் வாயிலும் வந்தது. அடுத்த வருஷம் நீ வேறு ஊரில், வேறு வீட்டில் இருப்பாய். மாப்பிள்ளை நல்ல பையன்தான். ஆனாலும் அடுத்த வருஷம் என்பது யார் கையில் இருக்கிறது?

"அப்ப நான் வாரேண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். பின்னால் கூப்பிடுவார் என்று நினைத்து மெதுவாகத்தான் நடந்தேன். கூப்பிடவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் வெளியே ஒன்றும் கண்ணில் படவில்லை. கேஸை மடியில் வைத்துக்கொண்டு இறுக்கிப் பிடித்திருந்தேன்.

வந்ததும் மேப்பிளைத் துடைத்தேன், தேய்த்தேன், உருட்டிப் பார்த்தேன். நேராக இருக்கிறது. டிப்பை லேசாகத் தட்டி ஓரம் சரிசெய்திருக்கிறேன். பவுடர் டப்பா பக்க ஜிப்பில் இருக்கிறது. கை வேர்த்தால் நான் சேலையில் துடைப்பது போல நீ டீசர்ட்டில் துடைக்காதே, துண்டு வைத்திருக்கிறேன். முதல் ரேக்கில், அதாவது முதல் அடுக்குப் பந்தில், கொஞ்சம் தடுமாறுவாய். இந்த வாரங்களில் உன் தோள் பயந்து போயிருக்கிறது. ஒன்றிரண்டு சைடு கொடுத்து விழுந்துவிட்டால் அதுவாகத் தெளிந்துவிடும். ஆகவே விழுகிற மாதிரி சுலபமான ஒன்றில் ஆரம்பி. அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் பந்தை மேசை ஓரக் குஷனில் ஒட்டிவைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்வாள். உட்காரட்டும்.

புத்தி சொல்லாமல் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. போகிற வீட்டிலும் உனக்கு ஆசையாக ஏதேதோ கொடுப்பார்கள். கொடுத்தவர்கள் கண் முன்னாலேயே அதை உடுத்தவும் தின்னவும் விளையாடவும் வேண்டும் என்று இருப்பார்கள். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. வாங்கிக்கொள், கும்பிட்டு வாங்கிக்கொள். ஆனால் உன் கைக்குப் பழகாததை, கை பழகிவிட்டது என்று யாருக்காகவும் நடிக்காதே. அம்மாவுக்காகவும் வேண்டாம். இந்த ஒன்றைச் சொல்லத்தான் மற்றதை எல்லாம் எழுதினேன் போலிருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது பாப்பா. நீ தோற்றால் எனக்கு இரண்டும் போய்விடும். அண்ணனையும் விட்டு, உன்னையும் ஜெயிக்கவைக்காமல், நடுத் தெருவில் நிற்பேன். அப்படி ஆனாலும் இதற்காக வருத்தப்பட மாட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. வருத்தப்படுவேன். ஆனால் திரும்ப அதே பஸ்ஸில் ஏறி, அதே காரியத்தைத்தான் செய்வேன்.

இந்த இடம் வரை எழுதியபோது போன் அடித்தது. மாமா. எடுத்தேன். வணக்கம் இல்லை, வாத்தா போத்தா இல்லை.

"ஆட்டம் எத்தன மணிக்கு?"

"பத்துக்குண்ணே."

"பழசுலதான் ஆடுதா?"

"ஆமாண்ணே."

கடையில் யாரோ மூட்டையை இழுக்கிற சத்தம் கேட்டது. மாமா போனை வைத்துவிட்டார்.

எதற்குக் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. மனசு ஆறி வரலாம். நீ பழைய மரத்தில் தோற்பதைப் பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும் என்னை ஒரு கேள்வி கேட்கவும் வரலாம். எதற்கு வந்தாலும் அவர் பக்கத்து நாற்காலியில்தான் நான் உட்காரப்போகிறேன். எழுந்து போ என்றாலும் போக மாட்டேன். அது என் அண்ணனுக்கும் எனக்கும் உள்ள வழக்கு, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீ முதல் வரிசைப் பக்கம் திரும்பாதே. வலது சைடு கேட்கிற பந்துக்குப் பயப்படாமல் வலது சைடு கொடு.

அம்மா